அட்டவணையின் ஆறாவது வரி

அன்புள்ள மேனேஜரம்மாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கு நான் நலம். இடது முழங்கால் மட்டும் நலமில்லை, ஆனால் அதை நான் என்னோடு சேர்த்துக் கொள்வதை நிறுத்தி வெகுநாளாகிறது. நீ நலமென்று சொல்லியிருந்தாய், மறுக்க ஆதாரமில்லாததால் நம்புகிறேன். ஆறு வயதில் வீட்டிலிருந்த எல்லோரையும் வேலை வாங்குகிறாய் என்று அப்பா வைத்த பெயரை இன்னும் விடவில்லையா என்று அலுத்துக்கொள்ளாதே. கூப்பிட்டவர் போன பிறகு அதை யாராவது ஒருவர் புழக்கத்தில் வைத்திருக்க வேண்டும், இந்த வீட்டில் அதற்கு மிச்சமிருப்பது நான் ஒருத்திதான். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நான் இரண்டாவது வாக்கியத்துக்கு வருவதற்குள் நீ "சரிம்மா, சரிம்மா" என்று ஆரம்பித்துவிடுவாய். காகிதத்தில் அந்த வசதி உனக்குக் கிடையாது.

எந்தக் கார் வாங்கலாம் என்று கேட்டு நீ அனுப்பிய அட்டவணையை ஜெராக்ஸ் கடையில் தாளில் எடுத்துவந்து, சாப்பாட்டு மேசையில் விரித்து, சிவப்புப் பேனாவோடு படித்தேன். மின்சாரம், ஹைபிரிட், பெட்ரோல், டீசல் என்று நான்கு பத்தி. முதல் வரியில் தினசரி தூரம், அலுவலகம் போக முப்பத்திரண்டு, வர முப்பத்திரண்டு. இரண்டாவதில் நெரிசலில் நிற்கும் நேரம். அப்புறம் எரிபொருளோ மின்சாரமோ கிடைக்கும் இடம், பராமரிப்பு, புகை. ஒழுங்காகச் செய்திருக்கிறாய், என் மாணவர்களில் பாதிப் பேருக்கு இந்த ஒழுங்கு இருந்ததில்லை. ஆறாவது வரி, தொலைதூரப் பயணம். அதற்கு நேரே நான்கு கட்டத்திலும் "தேவையில்லை" என்று ஒரே சொல். ஒரு தடவை அடித்துவிட்டு மற்ற மூன்றிலும் ஒட்டியிருப்பாய், அதனால் நான்கு முறை யோசித்து எழுதினாய் என்று உன்மேல் குற்றம் சுமத்த மாட்டேன். அந்த வரியின் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு மேலே படித்தேன். அதற்கு இந்தக் கடிதத்தில் பின்னால் வருகிறேன். முதலில் நீ கேட்டதற்குப் பதில்.

டீசலை அடித்துவிடு. உன் சித்தப்பாவிடம் கேட்டாயாம், அவர் இங்கேயும் வந்து அதையே ஒப்பித்தார். "அண்ணி, டீசல்னா டீசல்தான். மாடு மாதிரி இழுக்கும், எந்த மலையா இருந்தாலும் ஏறும்" என்றார். அவள் மலை ஏறப் போகவில்லை, ஆபீசுக்குப் போகிறாள் என்றேன். சற்றும் தளராமல், "ஆபீஸ் எத்தனாவது மாடி?" என்று கேட்டார். அந்த மனிதருக்கு இரண்டாவது காபி கொடுத்தது என் தவறு. விஷயம் இதுதான்: இப்போதைய டீசல் வண்டியில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் ஒரு வடிகட்டி இருக்கிறது. வண்டி நீண்ட நேரம் நல்ல வேகத்தில் ஓடினால்தான் அது சூடேறிக் கரியை எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். நீ போகிற பாதையில் ஒரு வழிக்கு நாற்பது நிமிடம் நின்று நின்று ஊர்கிறாய் என்று நீயே இரண்டாவது வரியில் எழுதியிருக்கிறாய். அது அடைத்துக்கொள்ளும், நீ பட்டறையில் போய் உட்கார்ந்திருப்பாய். பெட்ரோலைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இப்போது வைத்திருப்பதும் அதுதான், நெரிசலில் நின்ற இடத்திலேயே குடிக்கும் என்பதும் உனக்குத் தெரியும். ஹைபிரிட் எல்லாக் கூட்டத்திலும் இரண்டு பக்கத்துக்கும் தலையாட்டுகிற ஆளைப் போன்றது. கெட்டது என்று சொல்ல முடியாது. நெரிசலில் மின்சாரத்திலும் வேகத்தில் பெட்ரோலிலும் ஓடி, பிரேக் பிடிக்கும்போது வீணாகிற ஆற்றலைக் கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொள்ளும். ஆனால் இரண்டு இயந்திரத்தையும் சேர்த்துச் சுமக்கிறது, அந்தச் சுமையும் உன்னோடு தினம் ஆபீசுக்கு வரும். வண்டிக்குச் சார்ஜ் போட இடமில்லாதவர்களுக்கு அது சரி. உன் அலுவலகத்தில் நிறுத்துமிடத்திலேயே சார்ஜ் போட வசதி செய்திருக்கிறார்கள் என்று மூன்றாவது வரியில் இருக்கிறது. எட்டு மணி நேரம் வண்டி அங்கே சும்மா நிற்கிறது. ஆகவே மின்சார வண்டிதான். உன் விடைத்தாளில் விடை ஏற்கெனவே இருந்தது; நீ கேட்டது என் கையெழுத்துக்காக என்று எடுத்துக்கொள்கிறேன்.

படித்ததை மட்டும் வைத்துக்கொண்டு சொல்கிறேன் என்று நினைக்காதே. பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் ஆறு மாதமாக மின்சார வண்டி வைத்திருக்கிறாள், பல்லைப் பற்றிப் பேசுவதை அடியோடு விட்டுவிட்டாள். போன வாரம் வலுக்கட்டாயமாக ஏற்றிக்கொண்டு போய், "ஆன்ட்டி, சத்தமே இல்ல பாருங்க, சத்தமே இல்ல" என்று தெருமுனைவரை சொல்லிக்கொண்டே வந்தாள். வண்டியில் சத்தம் போடுவது நீ மட்டும்தான் என்றேன். சிரித்துவிட்டு, ஆளில்லாத மைதானத்துச் சாலையில் நிறுத்தி, "நீங்க ஓட்டுங்களேன், ஆன்ட்டி" என்றாள். முழங்கால் கிளட்சை மிதிக்க மறுத்த நாளிலிருந்து நான் ஸ்டியரிங்கைத் தொடவில்லை என்பது உனக்குத் தெரியும். இதில் கிளட்ச் கிடையாது, இடது காலுக்கு வேலையே இல்லை. மைதானத்தை இரண்டு சுற்று ஓட்டினேன். உன்னிடம் சொல்ல வேண்டும் என்று அப்போதே தோன்றியது, வீட்டுக்கு வந்து போனை எடுத்தேன், நீ கூட்டத்தில் இருப்பதாகச் செய்தி வந்தது. ஒரு குறை உண்டு. உன் பழைய வண்டி தெருமுனையில் இரண்டாவது கியருக்கு இறங்குகிற சத்தம் சமையலறைவரை கேட்கும், நான் அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு வருவதற்கும் நீ கேட்டைத் திறப்பதற்கும் சரியாக இருக்கும். இது வந்து நின்றால்கூடத் தெரியாது. ஆகையால் தெருமுனையில் ஹாரன் அடிக்க வேண்டும்.

இனி ஆறாவது வரி. ஷெட்டின் சுவர் உனக்கு நினைவிருக்கும். நீ வந்து வண்டியை நிறுத்தியதும் சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்காமல் அப்பா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, கிலோமீட்டர் மீட்டரில் இருக்கும் எண்ணைச் சுவரில் சாக்பீஸால் எழுதுவார். "மேனேஜர் பத்திரமா வந்து சேந்தாச்சு, ரிஜிஸ்டர்ல ஏத்தியாச்சு" என்பார். பதினான்கு எண்கள் இருக்கின்றன. கடைசி எண் 61,482, இரண்டு வருடம் நான்கு மாதத்துக்கு முன்னால் எழுதியது. உன் அட்டவணையின் அடியில் இப்போதைய வண்டி 1,03,520 ஓடியிருக்கிறது என்று குறித்திருந்தாய், அதை வாங்க வருகிறவர்களுக்காக. கழித்துப் பார்த்தேன், எண்ணைக் கண்டால் கழிக்காமல் விடுகிற பழக்கம் எனக்கு இல்லை. அன்றைக்கு இங்கிருந்து நீ திரும்பிப் போன நானூற்று எண்பதையும் தள்ளினால் 41,558 கிலோமீட்டர். வீட்டுக்கு வந்து திரும்பத் தொள்ளாயிரத்து அறுபது. அதாவது ஆபீசுக்கும் கடைக்கும் போய் வந்த தூரத்தில் நீ இங்கே நாற்பத்து மூன்று தடவை வந்து போயிருக்கலாம். அதுபோக 278 மீதி. கணக்குப்படி நீ இப்போது நாற்பத்து நான்காவது தடவையாக வந்துகொண்டிருக்கிறாய். நாம் எப்போதும் நிறுத்தும் ஓட்டலைத் தாண்டி இருபத்தெட்டு கிலோமீட்டர் ஆகிவிட்டது, இன்னும் இருநூற்று இரண்டுதான் பாக்கி. உன் வண்டி அந்த இடத்தில் நிற்பது போலவே எனக்குத் தோன்றிக்கொண்டிருக்கிறது. இதற்கு இயற்பியலில் இடமில்லை.

விமானத்தில் வரவில்லையா என்பாய். வந்தாய். அப்பா போனபோது வேறு வழியில்லை, அதற்குப் பிறகும் இரண்டு தடவை வந்தாய். விமானத்தில் வருகிறவள் திரும்பும் நேரத்தைக் கையிலேயே கொண்டுவருகிறாள். செருப்பைக் கழற்றும்போதே "ஞாயித்துக்கிழமை நாலரைக்கும்மா" என்கிறாய், பிறகு அந்த நாலரை நம் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து சாப்பிடுகிறது. காரில் வந்தபோது "நாளைக்குக் காலைல கிளம்பிடறேன்" என்று மூன்று காலை தொடர்ந்து சொன்னவள் நீ. சொல்லிவிட்டுப் போய் மறுபடி படுத்துக்கொள்வாய். எனக்கு அந்த மூன்று காலைகள் வேண்டும். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வயதில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். உனக்கு முதலில் வேறொரு கடிதம் எழுதினேன். அதில் டீசலே வாங்கு, நாலு பேர் நல்லதென்கிறார்கள் என்று இருந்தது. ஒரு தடவை நிரப்பினால் எங்கும் நிற்காமல் இந்த வீட்டு வாசல்வரை வரும், அதுதான் காரணம். காரணத்தை மட்டும் எழுதாமல் விட்டிருந்தேன். தபாலில் போடுவதற்கு முன் ஒருமுறை படித்தேன், ஒரு மாணவி இப்படி எழுதியிருந்தால் பூஜ்யம் போட்டிருப்பேன். கிழித்துவிட்டேன். இந்தக் குடும்பத்தில் இது புதிதுமல்ல. நீ வேலைக்குப் போன வருடம் உன் அப்பா டீசல் கார் வாங்கினார், சிக்கனம் என்று ஊருக்கெல்லாம் விளக்கினார். வாரம் ஒருமுறை நூலகத்துக்குப் போகிறவருக்கு டீசல் எதற்கு என்று நான் கேட்கவில்லை. வருடத்துக்கு நான்கு தடவை உன் வீட்டு வாசலில் வந்து நின்றோம், ஒவ்வொரு தடவையும் "இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தோம்" என்றார். அந்த வண்டி அவருக்குப் பிறகு ஷெட்டிலேயே நின்றது. மெக்கானிக் மாதம் ஒருமுறை வந்து ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓடவிடுவார், நான் பக்கத்தில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்பேன். போன மாதம் அவர் தாங்கமாட்டாமல், "டீச்சரம்மா, ஒண்ணு ஓட்டுங்க, இல்ல ஓட்டுறவங்ககிட்ட குடுங்க. நின்னே கெட்டுப்போற வண்டிய நான் என்னன்னு ரிப்பேர் பண்றது?" என்றார். அவரிடமே கொடுத்துவிட்டேன். மின்சார வண்டி என்றதும் அவருக்கு முகம் தொங்கிப் போயிற்று. "அதுல ஆயிலும் கிடையாது, ஃபில்டரும் கிடையாது. எங்களுக்கு டயர்ல காத்தடிக்கிற வேலைதான் மிச்சம்" என்றார். காற்றடிக்க வாருங்கள், காபி உண்டு என்றேன்.

ஆக, ஷெட் காலியாக இருக்கிறது. நீ குறித்திருக்கும் வண்டி ஒரு சார்ஜுக்கு நானூறு ஓடும் என்று விற்கிறவர்கள் சொல்கிறார்கள். நெடுஞ்சாலையில் அவ்வளவு ஓடாது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும், பரீட்சைக்கு முதல் நாள் நீ அழுதுகொண்டு படித்த பாடம் அது. முந்நூறு என்று வைத்துக்கொள். ஓட்டல் இருநூற்று ஐம்பதில் இருக்கிறது. அங்கே இரண்டு சார்ஜர் இருப்பதாகப் பல் டாக்டர் தன் போனில் பார்த்துச் சொன்னாள். இருப்பது வேறு, வேலை செய்வது வேறு என்பதால் பத்து நாள் தொடர்ந்து ஓட்டலுக்குப் போன் செய்து கேட்டேன். ஏழு நாள் இரண்டும் ஓடின, மூன்று நாள் ஒன்று. ஒருநாளும் இரண்டும் சேர்ந்து படுக்கவில்லை. பத்தாம் நாள் கல்லாக்காரர், "அம்மா, நீங்க கம்பெனி இன்ஸ்பெக்டரா?" என்று பயந்துபோய்க் கேட்டார். இல்லை, என் மகள் வருகிறாள் என்றேன். "எப்போ?" என்றார். போனை வைத்துவிட்டேன்.

எலெக்ட்ரீசியன் நேற்று வந்து ஷெட்டுக்குத் தனி இணைப்பு கொடுத்து, சார்ஜ் போடும் பெட்டி ஒன்றையும் சுவரில் பொருத்திவிட்டுப் போனார். "மேடம், இதுல முழுசா ஏற பதினாலு மணி நேரம் ஆகும். பெரிய பெட்டியா போட்டுக்கலாமே, ஆறே மணி நேரத்துல ஏத்திக்கிட்டு கிளம்பிடலாம்" என்றார் நல்ல மனதோடு. சின்னதே போதும் என்றேன்.

நீ இந்த வண்டியை வாங்கினாலும் சரி, வேறு வாங்கினாலும் சரி, நீண்ட காலம் நோயின்றி, விபத்தின்றி, யார் முன்னும் தலைகுனியாமல் இருக்க வேண்டும் என்று வாழ்த்துகிறேன். வேளைக்குச் சாப்பிடு. ஓட்டும்போது போனில் பேசாதே, என்னோடும் பேசாதே. ஒன்றை மறக்க வேண்டாம்: வயர் ஐந்து மீட்டர்தான், வண்டியை முகப்பு உள்ளே இருக்கும்படி நிறுத்து. சுவருக்கு வெள்ளையடித்துவிடட்டுமா என்று எலெக்ட்ரீசியன் கேட்டார். தொடக்கூடாது என்று சொல்லி, பெட்டியைக் கடைசி எண்ணுக்கு ஒரு சாண் கீழே பொருத்தச் சொன்னேன். நடுவில் ஓர் எண்ணுக்கு இடம் இருக்கிறது. சாக்பீஸை அந்தப் பெட்டியின் மேலேயே வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா