மாப்பிள்ளையை டாக்டரிடம் தூக்கிப்போனது

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே மூவரும் சௌக்கியம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருப்பாய் என்று நினைக்கிறேன். கையெழுத்து உன் தங்கையுடையது. நம் பூனை மாப்பிள்ளை என் கட்டை விரலைப் பிராண்டிவிட்டான், ஊசியும் பிடிக்க முடியவில்லை, பேனாவும் பிடிக்க முடியவில்லை. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள், காற்புள்ளி வைக்கவாவது மூச்சு விடு என்று என்னை அதட்டுகிறாள்.

கால்நடை மருத்துவத்தில் சம்பாத்தியம் இல்லை, கடைசி வருஷத்தோடு விட்டுவிட்டுத் தோழிகள் மாதிரி கம்ப்யூட்டர் வேலைக்குப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். அப்பா இரண்டு நாள் உன் கடிதத்தையே திருப்பித் திருப்பிப் படித்தார். பிறகு, டவுனில் கிளினிக் வைத்திருக்கும் கால்நடை டாக்டரம்மாவிடம் நேரிலேயே கேட்டுவிடலாம் என்று கிளம்பினார். சும்மா போய் உங்கள் வருமானம் எவ்வளவு என்று கேட்க முடியுமா? அதனால் கல்லுக்குண்டு மாதிரி இருந்த மாப்பிள்ளையைக் கூடையில் அமுக்கினோம், அப்போது வாங்கியதுதான் இந்தப் பிராண்டல். கிளினிக்கில் உட்கார இடமில்லை, ஒரு முயல், இருமுகிற நாய், எல்லோரையும் திட்டுகிற கிளி. நம்ம ஒர்க்‌ஷாப்புக்கு வாரம் முழுக்க இவ்ளோ பேர் வர்றதில்லையே என்று அப்பா என் காதில் முணுமுணுத்தார். டாக்டரம்மா என்ன தொந்தரவு என்று கேட்டதும் திருதிருவென்று விழித்து, பூனைக்கு ஒண்ணுமில்லைங்க, எங்க பொண்ணு இதே படிப்புதான், இதுல பொழைக்க முடியுமான்னு... என்று இழுத்தார். டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. முதல் ரெண்டு வருஷம் செலவும் கையைக் கடிக்கும், நாயும் கையைக் கடிக்கும், அப்புறம் பரவாயில்லைங்க என்றார். அரசாங்க வேலைக்குக் காத்திருக்க வேண்டுமாம், பால் பண்ணையிலும் கோழிப் பண்ணையிலும் மருந்துக் கம்பெனியிலும் ஆள் தேடுகிறார்களாம், சொந்தக் கிளினிக் வைத்தால் கம்ப்யூட்டர்காரர்களை எட்டிப் பிடிக்கலாமாம், ஞாயிற்றுக்கிழமையை மட்டும் மறந்துவிட வேண்டுமாம்.

பேசிக்கொண்டே பூனையைத் தடவியவர் கை நின்றது. மாப்பிள்ளைன்னா கூப்பிடறீங்க, இது முழுகாம இருக்குதே என்றார்! போன லீவில் நீ ஒரே பார்வையில் இது பொண்ணுப்பா என்றாய், நீ முதல்ல பாஸ் பண்ணு என்று அப்பா கேலி செய்தார், ஞாபகமிருக்கிறதா? அதை அவரே அங்கே ஒப்பித்தார். வீட்டுலயே டாக்டரை வெச்சுக்கிட்டு எனக்கு ஃபீஸ் கட்டுறீங்களா என்று டாக்டரம்மா கேட்டதும் அப்பா முகத்தைப் பார்க்க வேண்டுமே! எம் பொண்ணு அப்பவே சொன்னா என்று வரும் வழியில் பஸ் கண்டக்டர் வரைக்கும் சொல்லியாயிற்று.

நாங்கள் உன்னைக் கட்டாயப்படுத்தவில்லை. எந்த வேலையானாலும் காலையில் எழுந்து போகப்போவது நீ, முடிவும் உன்னுடையது. நன்றாக இரு கண்ணு, நினைத்தது கைகூடட்டும். மாட்டுக்குப் பின்னால் மட்டும் நிற்காதே.

ஆசிகளுடன்,
அம்மா

பி.கு.: அக்கா, இது அம்மா சொல்லாமல் நான் எழுதுவது. முடிவு உன்னுடையது என்று சொல்லிவிட்டு தையல் மெஷினில் அரைகுறையாய் வைத்திருப்பது உன் அளவு வெள்ளைக் கோட்டு. விரல் ஆறியதும் பை வைத்துத் தைப்பாளாம்.