நீ சொல்லாமல் விட்ட கடைசி ரெய்டு

என் கூடப்பிறந்த தேசப்பா, ஊரையே கட்டிப்போட்ட தொண்டைக்காரா,

இருபது வருஷம் உன்னோடு ஒரு வார்த்தை பேசாதவள் எழுதுகிறேன். நான் உயிரோடு இருந்தபோது வாய் திறக்காதவள், நான் போன பிறகு கடிதம் போடுகிறாளே என்று சிரிப்பாய். சிரித்துக்கொள்.

உன் பழைய கபடிச் சங்கத்துக்காரர்கள் போன வாரம் வீட்டுக்கு வந்தார்கள். காணும் பொங்கல் ஆட்டத்துக்கு மலர் அச்சடிக்கிறார்களாம். அதில் உன் போட்டோ வருகிறது, கூட நான் நாலு வரி எழுத வேண்டுமாம். "மைக்கு தேசப்பண்ணனைப் பத்தி நீங்க எழுதினாத்தான் நல்லா இருக்கும் அக்கா" என்றார் செயலாளர். "அந்த மைக்கை அவன் கையிலேர்ந்து புடுங்கினது யாருப்பா?" என்று கேட்டேன். அதன் பிறகு அவர் காபி டம்ளருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். எழுதித் தருகிறேன், ஆனால் ஒரு எழுத்தைக்கூட எடுக்கக்கூடாது என்றேன். மூன்றாம் வகுப்புப் படித்தவள் என்ன பெரிதாக எழுதிவிடுவாள் என்று நினைத்தார்களோ என்னவோ, உடனே தலையாட்டிவிட்டார்கள்.

என் எழுத்துப்பிழையை என் பேத்தி கீர்த்தனா திருத்துகிறாள். என் பிள்ளை முனிரத்தினத்தின் மகள். பிழையை மட்டும் திருத்து, கோபத்தைத் திருத்தாதே என்று சொல்லியிருக்கிறேன்.

தேசப்பா, உனக்கு அந்தக் கயிறு ஞாபகம் இருக்கிறதா? நகரியில் நம் தெருக்கோடி மைதானத்தில் காணும் பொங்கலன்று ஆட்டம். கோட்டை ஒட்டி ஆம்பளைகள் உட்கார்ந்துகொள்வார்கள். பொம்பளைகளுக்கு மோட்டார் கொட்டகைப் பக்கம் ஒரு கயிறு கட்டி, அதற்குப் பின்னால் இடம். நான் குள்ளம். எனக்குத் தெரிந்ததெல்லாம் முன்னால் நிற்கிறவர்களின் பிடரிதான். ஆட்டத்தை நான் கண்ணால் பார்த்ததே இல்லை, உன் வாயால்தான் பார்த்தேன்.

அது உனக்கும் தெரியும். அதனால்தான் நடுநடுவே, "கயித்துக்குப் பின்னால நிக்கிற அக்காங்களே, கேட்டுக்கோங்க. முனி இப்ப எடது கோடியில கீறான், ஒரு காலைத் தூக்கிக்கினு நிக்கிறான்" என்பாய். தமிழில் ஆரம்பித்து, ஆள் கோட்டைத் தாண்டியதும் தெலுங்குக்குத் தாவி, "பட்டுக்கோ, பட்டுக்கோ!" என்று கத்தி, பிடிபட்டதும் மறுபடி தமிழுக்கு வந்துவிடுவாய். ஆடுகிறவன் எந்தத் தறியில் வேலை செய்கிறான், அவன் அம்மா பேர் என்ன, காலையில் எத்தனை இட்லி துன்னான், எல்லாம் சொல்வாய். நான் 'அக்காங்களே' என்பதை எனக்கு மட்டும் சொன்னதாகவே எடுத்துக்கொள்வேன்.

இன்னொன்றும் சொல்வாய், எல்லா மைக்குக்காரர்களும் சொல்கிற அது. இரண்டு ரெய்டுக்கு நடுவே, கோப்பை கொடுத்த வார்டுத் தலைவரை, பெத்தாயன என்று ஊரே கூப்பிடுகிற பெரியவரைப் புகழ்வது. "நம்ம பெத்தாயன, ஏழைகளின் தெய்வம், எளியோரின் தோழன்" என்று ஒரு சீட்டை எழுதிக் கொடுத்துவிடுவார்கள். நீ அதை மூக்கால் படிப்பாய். கயிற்றுக்குப் பின்னால் நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம்.

அந்தப் பெத்தாயனவின் சம்பந்தி வைத்திருந்த சாயப்பட்டறையால்தான் நம் தெரு போர்க்குழாயில் சிவப்புத் தண்ணீர் வந்தது. எல்லாருக்கும் தெரியும். வெள்ளை வேட்டியை அலசினால் வெற்றிலை எச்சில் பட்டது போல் ஆகிவிடும். யாராவது கேட்டோமா?

நீ கேட்டாய். ஆனால் எப்போது கேட்டாய்?

இறுதி ஆட்டம். நம் தெரு இரண்டு புள்ளி பின்னால். கடைசி ரெய்டுக்கு என் முனி போகிறான். "முனி கோட்டைத் தொட்டுக் கும்பிடறான்" என்றாய். நான் பக்கத்து வீட்டு ராணியின் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்போது பார்த்துப் பெத்தாயன மேடையிலிருந்து எழுந்து காருக்குக் கிளம்பியிருக்கிறார். உன் குரல் மாறியது.

"பெத்தாயன, ஒரு நிமிஷம். ஆட்டக்காரப் பசங்களுக்கு இன்னைக்குக் குடிக்கத் தண்ணி வெளியிலேர்ந்து வந்துகினு கீது. ஏன்னா எங்க போர்ல வர்ற தண்ணி செவப்பு. ஓட்டுக் கேக்க வந்தப்ப ஒரு மாசத்துல சரி பண்றேன்னு சொன்னீங்க. மூணு வருஷம் ஆச்சு. இந்த டம்ளர்ல கீற தண்ணியை ஒரு வாய் குடிச்சுட்டுப் போங்க."

ஆம்பளைகள் பக்கம் 'ஹோ' என்று ஒரு சத்தம். உனக்கா, முனிக்கா? "என்னாடி ஆச்சு?" என்று ராணியை உலுக்கினேன். "எனக்கின்னா தெரியும்? உன் தம்பி தண்ணியைப் பத்திப் பேசிக்கினு கீறான்" என்றாள். அதற்குள் யாரோ மைக் செட்டை அணைத்துவிட்டார்கள்.

முனி மூன்று பேரைத் தொட்டுத் திரும்பியிருக்கிறான். நாம் ஜெயித்திருக்கிறோம். நான் கேட்கவில்லை. என் பிள்ளையின் ஆட்டத்தைப் பத்தடி தூரத்தில் நின்றும் நான் பார்க்கவும் இல்லை, கேட்கவும் இல்லை.

அன்று சாயங்காலம் நீ வீட்டுக்கு வந்தபோது வாசலிலேயே நிறுத்தினேன். "என் புள்ள ஆட்டத்தை முழுங்கிட்டியேடா பாவி. ரெண்டு நிமிஷம் பொறுக்க முடியலையா உனக்கு?" என்றேன். "ரெண்டு நிமிஷத்துல அந்தாளு கார் ஏறிப் போயிடுவான்க்கா. ஆட்டம் நாளைக்கும் நடக்கும், அவன் நாளைக்கு வருவானா?" என்றாய். "இனிமே இந்த வாசப்படி ஏறாதே" என்றேன். நீயும் என் தம்பிதானே, ஏறவே இல்லை.

ஆட்டம் நாளைக்கும் நடக்கும் என்றாயே, அதைத்தான் நான் மறக்கவில்லை. அடுத்த மாதமே முனிக்கு முழங்கால் போய்விட்டது. அதுதான் அவனுடைய கடைசி ரெய்டு.

உனக்கு அதன் பிறகு யாரும் மைக் கொடுக்கவில்லை. நீ திருப்பதிக்குப் போய் ஜீப்புக்கு ஆள் கூப்பிடுகிற வேலையில் சேர்ந்தாய். ஒரு நாள் நான் திருப்பதி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வந்தபோது உன் குரல் கேட்டது. மைக் இல்லை, வெறும் தொண்டை. "சித்தூர், சித்தூர்! பாகால, காணிபாக்கம் போறவங்க ஏறிக்கோங்க!" உனக்கு முடி கொட்டியிருந்தது. நீ என்னைப் பார்த்தாய். வாயில் இருந்த 'சித்தூர்' பாதியில் நின்றது. நான் முந்தானையை இழுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் நடந்தேன். அவசரத்தில் நகரி பஸ் என்று நினைத்து ஏர்பேடு பஸ்ஸில் ஏறிவிட்டேன். பாதி வழியில் இறங்கி வெயிலில் நின்றபோதும் உன்னைத்தான் திட்டினேன்.

சரி, இப்போதைய கதைக்கு வருகிறேன்.

கீர்த்தனா திருப்பதியில் போனில் ஓடுகிற ஒரு கபடிச் சேனலில் ஆட்டம் சொல்கிறாள். தெலுங்கில்தான் சொல்கிறாள், நடுவில் தமிழும் வரும். பொங்கலுக்குப் பிறகு சித்தூரில் பெரிய ஆட்டம், அதை இவள்தான் சொல்ல வேண்டும் என்று முடிவாகியிருந்தது. அவள் ஒரு நாள் நம் தெருத் தண்ணீரை பாட்டிலில் பிடித்து, போட்டோ எடுத்து, தன் சொந்தப் பக்கத்தில் போட்டுவிட்டாள். 'எங்க தாத்தா கேட்டப்பவும் இதே நிறம். இந்தத் தடவை ஓட்டுக் கேட்டு வர்றவங்க முதல்ல இதைக் குடிங்க' என்று எழுதினாள். ஆமாம் தேசப்பா, அந்தத் தண்ணீர் இன்னும் சிவப்புதான். சித்தூர் ஆட்டத்துக்குக் கோப்பை கொடுப்பவர் யார் தெரியுமா? பெத்தாயனவின் மகன்.

சேனல் முதலாளி போன் செய்தார். "தீசெய்யம்மா அதி, எடுத்துடு. ஆட்டம் சொல்றவளுக்கு ஆட்டம் மட்டும்தான். அரசியல் நமக்கு ஒத்து, வேணாம்" என்றார். எடுக்காவிட்டால் சித்தூர் மைக் வேறு ஆளுக்கு. இவள் இரண்டு வருஷமாக ஆசைப்பட்ட ஆட்டம் அது.

முனி பயந்துவிட்டான். "எடுத்துடும்மா. எங்க மாமா கதி உனக்கும் வேணுமா?" என்று மகளிடம் கெஞ்சினான். அவள் அசையவில்லை. என்னைப் பார்த்து, "நீயாவது சொல்லும்மா" என்றான். இந்த விஷயத்தில் நான் உன்னைத் திட்டுவேன் என்று இந்த வீட்டில் யாருக்குத்தான் தெரியாது?

நானும் வாயைத் திறந்தேன். "ஆட்டம் நடக்கச்சே பேசினியாடி?" என்று கேட்டேன்.

"இல்ல ஆயா. ஆட்டம் நடக்கச்சே நான் ஏன் வேற பேச்சு பேசறேன்? எவ்ளோ பேர் போனைப் பாக்க முடியாம, காதுல மாட்டிக்கினு தறி ஓட்டறாங்க தெரியுமா? அவங்களுக்கு என் வாய்தான் கண்ணு."

அது உன் பேச்சு மாதிரியே இருந்தது. "இதை உனக்கு யார்டி சொன்னது?"

அவள் அப்பனைப் பார்த்தாள். அவன் சுவரைப் பார்த்தான்.

திருப்பதிக்குப் பாவு நூல் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, இவன் இத்தனை வருஷமும் உன்னைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான். சின்ன வயதில் இவளையும் கூட்டிப் போயிருக்கிறான். "மாமா அந்த ரெய்டை முழுசாப் பாத்துக்கினுதான்மா இருந்தாரு. வாய் தண்ணியைப் பத்திப் பேசினாலும் கண்ணு எம்மேலதான். நான் எப்பப் போனாலும் டீக்கடையில வெச்சு, மொத அடியிலேர்ந்து சொல்லிக் காட்டுவாரு. ஜீப்புக்காரங்க எல்லாம் கூடி நின்னு கேப்பாங்க" என்றான்.

ஆக, முனிக்குச் சொல்லிவிட்டாய். கீர்த்தனாவுக்குச் சொல்லிவிட்டாய். பேர் தெரியாத ஜீப்புக்காரர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டாய். எனக்கு மட்டும் சொல்லவில்லை. இருபது வருஷமாக என் பிள்ளைக்காகக் கோபப்படுகிறேன் என்று நினைத்திருந்தேன். அவனுக்குக் கோபமே இல்லை. கோபம் முழுக்க என்னுடையதுதான்.

நீ என்னிடம் வந்து சொல்லியிருக்கலாமே? இல்லை, வாசப்படியை அடைத்தவள் நான்தான். அதுவும் தெரிகிறது.

நாள் முழுக்க யோசித்தேன். ஆட்டம் பார்க்க வந்தவர்களிடம் ஆட்டத்தைச் சொல்லாமல் வேறெதையோ பேசுவது தப்புதான். அதில் நான் மாறவில்லை, உனக்காகவும் மாற மாட்டேன். ஆனால் இரண்டு ரெய்டுக்கு நடுவே 'ஏழைகளின் தெய்வம்' என்று வருஷக்கணக்காகப் படிக்கச் சொன்னார்களே, அது என்னவாம்? அப்போது யாரும் அரசியல் ஒத்து என்று சொல்லவில்லை. நீ தண்ணீர் கேட்ட அன்றைக்குத்தான் அவர்களுக்கு அந்த வார்த்தை ஞாபகம் வந்தது. ஆட்டம் முடிந்த பிறகு, தன் சொந்தப் பக்கத்தில், தான் குடிக்கிற தண்ணீரைப் பற்றிப் பேச இவள் யாரைக் கேட்க வேண்டும்?

மறுநாள் காலை அவளிடம் சொன்னேன். "எடுக்காதே. ஆனா என்னைக்காவது ரெய்டு போய்க்கினு இருக்கச்சே வேற பேச்சு பேசினேன்னு கேள்விப்பட்டேன், உங்க தாத்தனுக்கு நடந்ததுதான் உனக்கும். வாசல்லயே நிக்க வெப்பேன்." சிரித்தாள். பிறகு போனை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். அவள் எடுக்கவில்லை. சித்தூர் ஆட்டத்தை வேறு யாரோ சொல்லப் போகிறார்கள். அது எனக்கும் வலிக்கிறது. நான் திட்டுகிறவர்கள் பட்டியலில் அந்த முதலாளியையும் சேர்த்துக்கொண்டேன்.

சங்கத்துக்காரர்களே, வாக்குக் கொடுத்தீர்கள். சிவப்புத் தண்ணீரோடு சேர்த்தே இதை அச்சடியுங்கள்.

நேற்று முனி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "மாமா சொன்ன மாதிரியே அந்த ரெய்டைச் சொல்லட்டுமாம்மா? எனக்கு மனப்பாடம்" என்றான். வலிக்கிற காலை நீட்டிக்கொண்டு, "முனி கோட்டைத் தொட்டுக் கும்பிடறான்" என்று ஆரம்பித்தும்விட்டான். நிறுத்து என்றேன். இவ்வளவு வருஷம் காத்திருந்தது இவன் வாயால் கேட்கவா?

தேசப்பா, உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அதை வேறு யார் சொன்னாலும் காது கொடுக்க மாட்டேன். நான் அங்கே வந்ததும் முதல் வேலையாக நீ சொல்ல வேண்டும். விட்ட இடத்திலிருந்து, அவன் கோட்டைத் தொட்டுக் கும்பிட்டதிலிருந்து, மூன்று பேரையும் பேர் சொல்லி, அக்காங்களே என்று என்னைக் கூப்பிட்டு. நடுவில் வேறு பேச்சு கூடாது. அவன் திரும்பி வந்து சேரட்டும். அப்புறம் அந்தத் தண்ணீரைப் பற்றி நீயும் நானும் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், இந்தத் தடவை நானும் உன்னோடு சேர்ந்து கத்துகிறேன்.

கயிற்றுக்குப் பின்னால் இன்னும் நின்றுகொண்டிருக்கும்
உன் அக்கா,
மங்கம்மா