தூங்கிப்போன தங்கச்சிக்கு

பந்தலூர்,
ஐப்பசி 12

அன்புத் தங்கச்சி தங்கமணிக்கு,

அக்கா தெய்வம்மா எழுதுவது. சிலோனில் நீ நலமாக இருக்க வேண்டும். ஐம்பது வருஷமாகப் பேசாதவள் எழுதுகிறாளே என்று பதறாதே. போனில் பேசினால் பழைய கோபத்தில் திட்டிவிடுவேன், அதனால்தான் காகிதம்.

இங்கே நாலு நாளாக மூடுபனி. ஜன்னலைத் திறந்தால் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அந்தப் பனிக்குள் நம் அம்மா கூடையோடு நடந்து போகிற மாதிரியே இருக்கிறது.

என் மகள் வயிற்றுப் பேத்தி ரஞ்சனிக்குப் பதினாலு வயது. கண் இமை பாதி இறங்கியே இருக்கும். மேட்டில் நாலு எட்டு வைத்தால் உட்கார்ந்துவிடுவாள். சோம்பேறி என்று நானும் வைதேன். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி டாக்டரம்மா வேறு மாதிரி சொன்னாள். உடம்பின் ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத அடுப்புகள் இருக்காம். மைட்டோகாண்ட்ரியா என்று பேராம். தின்ற சோற்றை அதுகள்தான் எரித்துத் தெம்பாக்குமாம். இவளுக்கு அடுப்பு சரியாகப் பிடிக்கவில்லை. இவளுக்கு வந்திருப்பது தாய்வழியாக மட்டும் இறங்குவதாம். உங்கள் அம்மா எப்படி இருந்தார்கள் என்று என்னைக் கேட்டாள்.

எனக்கு எது மறந்தது? விரலால் இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் அம்மா தேயிலைக் கொழுந்து தேடுவாள். கூடை நிறையாது. கங்காணி அரைப்பேர் போட்டு, பாதிச் சம்பளத்தோடு அனுப்புவான். வேலைக்கள்ளி என்று மலை முழுக்கக் கேட்கக் கத்துவான். அவன் செத்தும் எனக்கு ஆறவில்லை.

அம்மா போன அன்று மத்தியானம் உன்னைக் காவல் வைத்துவிட்டுக் கொழுந்தெடுக்கப் போனேன். திரும்பி வந்தால் நீ தலைமாட்டில் தூங்குகிறாய், அம்மாவுக்கு மூச்சில்லை. தூங்கியே கொன்றாய் என்று லயத்து வீடெல்லாம் கேட்கக் கத்தினேன். உன்னை அங்கே விட்டு நான் இந்தியாவுக்குக் கப்பலேறப் புறப்பட்ட அன்றும் உன்னோடு பேசவில்லை. ஓரக்கண்ணால் பார்த்தேன். ரஞ்சனி மாதிரியே பாதிக் கண்ணோடு நின்றாய்.

இந்த நோய் என்னை ஒன்றும் செய்யவில்லை. ஆனாலும் என் வயிற்று வழியாகத்தான் ரஞ்சனிக்குப் போயிருக்கிறது.

நீயும் உன் மகள் ராஜகுமாரியும் அவள் பிள்ளைகளும் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். டாக்டர் சீட்டின் நகலை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். சில மருந்து இதற்கு ஆகாதாம். எந்த மருந்துக்கு முன்னாலும் அதைக் காட்டுங்கள்.

பதில் எழுத அலுப்பாக இருந்தால் ராஜகுமாரியை எழுதச் சொல். ஒரு வரி போதும். மாரியம்மா உன்னைக் காப்பாள். தூக்கம் வந்தால் தூங்கு, தங்கச்சி. இந்தத் தடவை நான் முழித்திருக்கிறேன்.

உன் அக்கா,
தெய்வம்மா