செம்பனை இல்லாத ஊர்

13 மே, செவ்வாய்

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் அலங்காரத்தைக் கலைக்கும்போது மறுபடி மூச்சிழுப்பு. மூன்றாவது தடவை. கூட வேலை செய்யும் கிஷன்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்.

பினாங்கு லிட்டில் இந்தியாவில் நாங்கள் வேலை செய்யும் அலங்காரக் கடையின் நவமணி அக்கா இன்றைக்குக் கேட்டாங்க: "உங்க ஊரு கெப்பாலா பத்தாஸ்ல செம்பனைப் பூவால மூச்சு முட்டுதுன்னு படிப்ப விட்டுட்டு வந்த. இங்க எங்கடி செம்பனை? மார்க்கெட் ஸ்ட்ரீட்லயா?"

அப்பா அப்போதே சொன்னார்: "சோம்பேறித்தனம். இருபது வருஷமா எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை லாரி ஓட்டுறேன், எனக்கு ஒண்ணும் ஆகலயே." எட்டு மாசமாகப் பேச்சில்லை.

பொய்தான் சொன்னேனா? எனக்கே தெரியாமல்?

15 மே, வியாழன்

அலர்ஜி டெஸ்ட் அடுத்த வியாழன். நாலு மாசம் காத்திருந்து கிடைத்த தேதி. இன்றிலிருந்து அலர்ஜி மாத்திரை தொடக்கூடாது, தொட்டால் டெஸ்டில் ஒன்றும் தெரியாதாம். மூச்சு பம்ப் மட்டும் அடிக்கலாம்.

ஒன்றும் தெரியாவிட்டால் அப்பா சொன்னது உண்மை.

18 மே, ஞாயிறு

இப்பத்தான் மூச்சு சீராச்சு. எழுதறேன்.

தென்னம்பாளையைச் சேதமில்லாமல் பிளக்க எங்கள் கடையில் எனக்குத்தான் வரும். ஒரு கீறல், இரண்டு கட்டைவிரல், பூ முழுசாக விரியும். எனக்கு உருப்படியாக வந்த ஒரே வேலை. காலையில் மண்டபத்தில் புதுப் பாளையைப் பிளந்து குடத்தில் வைத்தேன். முந்தாநாள் வைத்ததைத் தூக்கினேன், முகத்தில் மாவு மாதிரி கொட்டியது. பத்து நிமிஷத்தில் நெஞ்சில் விசில்.

கிஷன் மாத்திரையோடு வந்தான். "முழுங்குலா."

"முழுங்கினா டெஸ்ட் போச்சுடா."

"செத்தா யாருக்கு டெஸ்ட் எடுப்ப?"

வாயில் போட்டேன். துப்பினேன். பம்ப் நாலு தடவை. மண்டபத்துப் பின்படியில் அரைமணி நேரம், ஒவ்வொரு மூச்சாக இழுத்தேன். உள்ளே நாதஸ்வரம். அவன் போனில் ஆம்புலன்ஸ் நம்பரை வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

22 மே, வியாழன்

பொய் இல்லை. நான் பொய் சொல்லல.

டாக்டர் ஹைதர் நம்ம பினாங்குத் தமிழ்தான் பேசுறார். கையில் வரிசையாகச் சொட்டு விட்டு, ஊசியால் லேசாகக் குத்தினார். பதினைந்து நிமிஷம். தூசி ஒன்றுமில்லை, பூனை ஒன்றுமில்லை. செம்பனை போட்ட இடம் பத்து சென் காசு அளவுக்கு வீங்கியது.

"ஆனா இங்க செம்பனை இல்லயே டாக்டர்?"

"என்ன வேலம்மா பாக்குற?"

"கல்யாண அலங்காரம்."

"தென்னம்பாளை வைப்பீங்கல்ல?"

தலையாட்டினேன். அன்றைக்கு முகத்தில் கொட்டியது அதுதான்.

"தென்னைக்குத் தனி டெஸ்ட் மருந்து எங்கிட்ட இல்ல. செம்பனைய வச்சுதான் அதையும் பாக்குறோம். ரெண்டு பூத்தூள்லயும் ஒரே மாதிரி புரதம் இருக்கு. செம்பனையில பழகின உன் உடம்பு தென்னையையும் அதுன்னே நெனச்சு சண்டை போடுது. இனிமே பாளையத் தொடாத."

"தேங்கா சட்னி?"

"இதுவரைக்கும் ஒத்துக்கிச்சா? அப்ப சாப்பிடு. உனக்கு ஆகாதது பூத்தூள்."

ஜெயிச்சேன். அந்த ஒரே வேலையும் போச்சு. சிரிக்கிறதா அழுறதா?

23 மே, வெள்ளி

டாக்டர் சீட்டைப் படித்த அக்கா சொன்னாங்க, "ஓலைத் தோரணம் நீ பாரு. பாளை கிஷன் பிளக்கட்டும்." அவன் பிளந்தது பழைய விளக்குமாறு மாதிரி இருந்தது. கடைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கையாலேயே திட்டினேன்.

வீங்கின கையை நேற்று எடுத்த போட்டோவை அப்பாவுக்கு அனுப்பினேன். ஒரு வார்த்தையும் எழுதவில்லை. இரண்டு நீல டிக் வந்தது, பார்த்துவிட்டார்.

26 மே, திங்கள்

பதில் இல்லை.

1 ஜூன், ஞாயிறு

நான் தங்கும் ஆயர் ஈத்தாம் ஃப்ளாட் வாசலில் அப்பா. தலை ஈரம். சட்டையில் இஸ்திரி மடிப்பு கலையவில்லை.

"லாரி எங்கப்பா?"

"பட்டர்வொர்த்ல போட்டுட்டு, அங்கயே குளிச்சு சட்டை மாத்திட்டு ஃபெரில வந்தேன்."

"உள்ள வாங்க."

வராந்தாவின் அந்தக் கோடிக்குப் போய், கையிலிருந்த பிளாஸ்டிக் பையை வைத்துவிட்டு வந்தார். அதன் வாயை இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தார்.

"அது என்னது?"

"லாரிச் சட்டை," என்றார். "அங்கயே கெடக்கட்டும்."