நீ அனுப்பாத பார்சல்

அன்பு மகனுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் ஏதோ நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீ வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொண்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் வாயைத் திறந்தால் மீட்டிங் என்று பாதியில் வைத்துவிடுகிறாய், அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

வருஷக் கடைசி விடுமுறை வந்தால் நீ ஆன்லைனில் எதையாவது வாங்கிச் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு அனுப்புவாய், அதை முன்கூட்டிக் கேட்டுக் கெடுக்கக் கூடாது என்பது அப்பாவின் சட்டம். இந்த முறை அவர் போனுக்கு ஒரு செய்தி, உங்கள் பார்சல் விலாசம் சரியில்லாமல் நிற்கிறது, சின்னத் தொகை கட்டினால் இன்றே வரும் என்று. அவனை ஒரு வார்த்தை கேளுங்கள் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். கேட்டா அவனுக்குச் சப்புன்னு போயிடும், நீ சும்மா இருடி என்றார். புரை விழுந்த கண்ணோடு பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு கார்டு நம்பரையும் பிறகு வந்த ஓடிபியையும் தட்டினார். கண் ஆபரேஷனுக்கு வைத்திருந்தது அத்தனையும் துடைத்துக்கொண்டு போய்விட்டது.

பாங்கில் இருந்த பெண் நல்லவிதமாகத்தான் பேசினாள். இந்தச் செய்தியை மோசடிக்காரர்கள் ஊருக்கெல்லாம் அனுப்புவார்களாம், பார்சலுக்குக் காத்திருக்கிறவர்கள்தான் மாட்டுவார்களாம். நீயும் லிங்க் எதையும் அழுத்தாதே, பாதி விலை என்று பல்லைக் காட்டுகிற கடையில் கார்டைக் கொடுக்காதே, ஓடிபியைப் பெற்றவள் கேட்டாலும் சொல்லாதே. உனக்கு இதெல்லாம் தெரியும், தெரிந்ததில் ஒரு வரி எங்களுக்கும் சொல்லியிருக்கலாம்.

அன்று சாயங்காலம் உன்னைக் கூப்பிட்டு என்ன அனுப்பினாய் என்று கேட்டேன். இந்த வருஷம் ஒண்ணும் அனுப்பலைம்மா, மறந்தே போச்சு என்றாய். பணம் போனதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் வைத்துவிட்டாய். அப்பாவிடம் இதை நான் சொல்லவில்லை. பார்சலையும் அந்தத் திருடனே அமுக்கிவிட்டான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நம்ம காசு போனா போகுது, பாவம், புள்ள ஆசையா வாங்கினது போச்சே என்று உனக்காக வருத்தப்படுகிறார். நான் கேட்டுக்கொண்டு துணி மடிக்கிறேன், வேறென்ன செய்ய.

நோய் நொடியில்லாமல் நீ நூறு வயது இரு. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் அப்பாவைக் கூப்பிடு. எடுத்ததுமே, உள்ளே என்னப்பா வச்சிருந்தே என்று கேட்பார். பதிலை நீயே சொல், என் வாயால் ஆகாது.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்