சப்பரத்தில் ஏற்றிய மூட்டை

மேலூர், ஸ்ரீரங்கம்
5-10-1965

அன்பு மகள் ரங்கநாயகிக்கு அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. ரங்கநாதர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் தம்பி தர்மராஜும் சௌக்கியம். அம்பாலாவில் நீ, மாப்பிள்ளை, வள்ளிக்கண்ணு, சின்னவன் நாலு பேரும் சௌக்கியம் என்று உன் கடிதம் கண்ட பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. எல்லையில் சண்டை நின்றுவிட்டது என்று ரேடியோவில் சொன்னாலும் உன் கையெழுத்தைப் பார்க்காமல் மனசு ஆறவில்லை. ஆற்றில் தண்ணீர் நிறையப் போகிறது, காற்றில் சாய்ந்த வாழைக்கெல்லாம் அப்பா முட்டுக் கொடுத்துவிட்டார். தர்மராஜ் பொன்மலையில் வேலை முடிந்து வந்ததும் சடுகுடு ஆட ஓடிவிடுகிறான், நேற்று முட்டியைப் பெயர்த்துக்கொண்டு வந்து நிற்கிறான், நாங்கள் பெண் பார்த்துக்கொண்டிருக்கிற பிள்ளை.

உன் கடிதத்தில் ஓர் இடத்தையே திரும்பத் திரும்பப் படித்தேன். அபாயச் சங்கு ஊதினால் வள்ளிக்கண்ணு யாரும் சொல்லாமலே தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு பதுங்குகுழிக்குப் போய்விடுகிறாள், அழுவதே இல்லை, துணிகளை மூட்டையாகக் கட்டித் தலைமாட்டில் வைத்துத்தான் படுக்கிறாள், சண்டை நின்ற பிறகும் அதை அவிழ்க்கவில்லை, என்னை மாதிரியே பொறுப்பு என்று பெருமையாக எழுதியிருந்தாய். அப்பா படித்துவிட்டு, நம்ம ரங்கநாயகி பெத்த பொண்ணாச்சே என்றார். எனக்குப் பெருமை வரவில்லையம்மா.

ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து பர்மாவிலிருந்து நாம் நடந்து வந்தபோது உனக்கும் இதே ஒன்பது வயது. எனக்குக் குளிர்ஜுரம், அப்பா தலையில் அரிசி மூட்டை, கைக்குழந்தை தர்மராஜ் வழியெல்லாம் உன் இடுப்பில்தான். உன்னால்தான் அவன் பிழைத்தான், அதை எந்தக் காலத்திலும் மறக்கமாட்டேன். ஆனால் ஊர் வந்து சேர்ந்த அந்த வருஷத்து ஆடிப்பெருக்கு உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ. மற்றப் பிள்ளைகளைப் போல நீயும் ஆற்றங்கரை அம்மாமண்டபம் வரை இழுத்துப் போகட்டும் என்று அப்பா சக்கரம் வைத்து ஒரு சின்னச் சப்பரம் செய்து கொடுத்தார். அவர்கள் எல்லோரும் சப்பரத்தில் சாமி படம் வைத்துப் பூச்சுற்றினார்கள். நீ தம்பியின் துணிகளையும் கொஞ்சம் அரிசியையும் தண்ணீர்ச் செம்பையும் ஏற்றிக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, அவனையும் இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் நின்றாய். எந்தப் பக்கம்மா போகணும் என்று என்னைக் கேட்டாய். தெருவே சிரித்தது. எதிர்வீட்டு அம்மாசி மாமா, இந்த வயசுல என்ன பொறுப்பு பாருங்க என்று மெச்சினார். நானும்தான் சிரித்தேன்.

அதை நினைத்தால் இன்றைக்கு அழுகை வருகிறது. அதற்கப்புறம் நீ குழந்தையாக இருக்கவே இல்லை. ஒரு ரிப்பனுக்குக்கூட அடம்பிடித்ததில்லை, எல்லோரும் சாப்பிட்டார்களா என்று பார்த்துவிட்டுத்தான் தட்டு எடுத்தாய், கல்யாணமாகிப் போகிற அன்றும் நீ அழாமல் என் கண்ணைத் துடைத்துவிட்டு வண்டி ஏறினாய். பெத்தா இப்படிப் பெக்கணும் என்று ஊரே சொன்னது, எனக்கும் அது இனித்தது. நீ தூக்கி வந்தவனுக்கு அந்த வழி ஞாபகமே இல்லை, இன்னும் விளையாடுகிறான். நீதான் இன்னும் இறக்கி வைக்கவில்லை. நான் உனக்கு அம்மாவாக இருந்ததைவிட நீ எனக்கு அம்மாவாக இருந்ததுதான் அதிகம், அது சண்டை செய்த வேலை என்று என்னால் சும்மா இருந்துவிட முடியவில்லை. பேத்திக்கும் அது வேண்டாம். அந்த மூட்டையை நீயே உட்கார்ந்து அவிழ்த்துத் துணிகளைப் பெட்டியில் மடித்து வை. சமர்த்து என்று சொல்லாதே, அழுதால் அழட்டும், தம்பியோடு சண்டை போட்டால் போடட்டும். தீபாவளிக்கு இருவரையும் கூட்டிக்கொண்டு வந்துவிடு. மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காவிட்டால் தர்மராஜை அனுப்புகிறேன். இங்கே வந்தால் நீ அடுப்புப் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது, முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், சின்னவன் என் இடுப்பில் இருப்பான்.

மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பு, குழந்தைகளுக்கு ஆயிரம் முத்தம், நீங்கள் எல்லோரும் நீண்ட ஆயுசோடு நிறைந்திருக்க வேண்டும். எந்த ரயில் என்று மறக்காமல் தந்தி கொடு, அப்பா ஜங்ஷனுக்கு வந்து நிற்பார். உன் பழைய சப்பரம் பரண்மேல்தான் கிடக்கிறது, சக்கரம் மாற்றித் தருகிறேன் என்கிறார். ஆடிக்கு இன்னும் நாள் கிடக்கிறது என்றால் கிடக்கட்டும், ஆறு இங்கேதானே ஓடுகிறது. வள்ளிக்கண்ணு ஒன்றும் ஏற்றாமல் வெறும் சப்பரத்தை இழுத்துக்கொண்டு ஓடட்டும். எந்தப் பக்கம் போகணும் என்று அவள் கேட்டால், உனக்குப் பிடிச்ச பக்கம் போடி கண்ணு என்று இந்தத் தடவை நான் சொல்வேன்.

இப்படிக்கு,
உன்னை எதிர்பார்த்திருக்கும் அம்மா
பவுனம்மாள்