வால்கூருக்கு வக்காலத்து

மொன்றியல்,
மே 11, ஞாயிற்றுக்கிழமை.

அன்பு நண்பன் சிவநேசத்துக்கு,

நகுலேஸ்வரன் எழுதுவது. ஓம், நானேதான். யாரையும் கொண்டு எழுதுவிக்கவில்லை. இது என் பேனை, என் எழுத்து. எழுத்துகள் கொஞ்சம் சாய்ந்துதான் நிற்கும். சிரிப்பு வந்தால் சிரி, ஆனால் கடைசி வரைக்கும் வாசி. திங்கட்கிழமை தொடங்கி ஒரு நாளைக்கு ஒரு பக்கமாக எழுதி இன்றைக்குத்தான் முடிக்கிறேன்.

கடிதத்தில் முதலில் சுகம் விசாரிக்க வேண்டும் என்று யோகராணி ரீச்சர் சொல்லித் தந்திருக்கிறார். நான் சுகம். படி ஏறும்போது முழங்கால் மட்டும் முணுமுணுக்கும். உன் சுகத்தை உன் மகள் தனுஷா போனில் சொன்னாள். தொண்டைச் சத்திரசிகிச்சைக் காயம் நன்றாக ஆறிவிட்டது, கஞ்சி குடிக்கிறாய் என்றாள். குரல் இனித் திரும்பாது என்றும் சொன்னாள். எழுதிக் காட்டுவதற்கு அவள் வாங்கி வந்த கொப்பியை நீ கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டாயாம். ஏழு மாதமாக ஒருவருக்கும் ஒரு சொல் எழுதவில்லையாம். "அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார் மாமா" என்று அழுதாள்.

நீ மொன்றியலை விட்டு லண்டனுக்குப் போன நாள் தொடங்கி முப்பது வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் சண்டை பிடித்த நாங்கள். இப்போது இங்கே நான் மட்டும் கத்த, லண்டனில் நீ மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்கிறது. இரண்டு தடவை பொறுத்தேன். மூன்றாவது தடவை போனை வைத்துவிட்டு, எழுதப் படிக்கப் பழகுவதென்று முடிவெடுத்தேன். எழுபத்து மூன்று வயதில்.

செயின்ட்-மிஷேல் தேவாலயத்தின் நிலவறையில் வியாழன்தோறும் வகுப்பு. ஐந்து பேர் படிக்கிறோம். எல்லோரும் பேரப்பிள்ளை கண்டவர்கள். அல்போன்சம்மா தன் பெயரை முதன்முதல் முழுதாக எழுதிய அன்று எல்லோருக்கும் கேக் கொண்டு வந்தார். நான் என் பெயரை எழுதிய அன்று கேக் வாங்கவில்லை. உன் பெயரை எழுதிய அன்றுதான் வாங்கினேன். கதைக்கிற மாதிரி எழுதக்கூடாது என்பது ரீச்சரின் கட்டளை. "ஏன் ரீச்சர், சிவநேசம் என்ன பிறத்தி ஆளோ?" என்று கேட்டேன். "அவர் பிறத்தி இல்லை ஐயா, கடதாசிக்கு ஒரு மரியாதை இருக்கு" என்றார். ஆகவே நான் கஞ்சி போட்ட சட்டை போல எழுதினால் அது அவருடைய வேலை.

இனி விசயத்துக்கு வருகிறேன். சாய்ந்து இருந்து வாசி. ரெஜான் வால்கூரின் றெக்கோட் திரும்பி வந்துவிட்டது!

அதே றெக்கோட்தான். 'எஸ்கலியே' குழுவில் கிற்றாரைப் போட்டு அடித்துக்கொண்டிருந்த மனுசன், குழுவை உதறிவிட்டு எண்பத்தாறில் றம் மேளம் அடிக்கிற மெசின் ஒன்றை வைத்துக்கொண்டு தனியாகச் செய்தது. நீ 'தையல் மெசின்' என்று பட்டம் வைத்தது. நான் உயிரைக் கொடுத்து வக்காலத்து வாங்கியது. அவருக்கும் கொம்பனிக்கும் ஏதோ வழக்காம். அதனால் இவ்வளவு காலமும் கடையிலும் கிடைக்கவில்லை, இன்ரநெற்றிலும் கிடைக்கவில்லை. இப்போது வழக்கு முடிந்து, புதிதாக அச்சடித்து விட்டிருக்கிறார்கள்.

பால் வாங்கத் தெருமுனைத் தெப்பனர் கடைக்குப் போனபோது பக்கத்து இசைத்தட்டுக் கடைக் கண்ணாடியில் அந்த முகத்தைக் கண்டேன். அதே மீசை, அதே ஒற்றைத் தோடு. பிரெஞ்சு எழுத்து எனக்கு இன்னும் பிடிபடவில்லை. மருமகள் அனோஜினியைக் கூட்டிக்கொண்டு போய் வாசிக்கச் சொன்னேன். சனிக்கிழமை இரண்டு மணிக்கு எல்லோரும் கூடியிருந்து றெக்கோட்டை முழுதாகக் கேட்பது, பிறகு அவரவர் அபிப்பிராயம் சொல்வது என்று போட்டிருந்ததாம். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. கல்யாண வீட்டுக்குப் போகிறவன் போலச் சட்டையை அயர்ன் பண்ணினேன்.

முப்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள், எல்லாம் நரைத்த தலைகள். கடைக்காரர் லூக் என்பவர் நல்ல மனுசன். தட்டைப் போடுவதற்கு முன்பே சண்டை தொடங்கிவிட்டது! லிஸ் என்று ஒரு பெண்மணி, முன்பு பஸ் ஓட்டியவர். எஸ்கலியே குழுவின் கச்சேரி ஒன்றும் தவறவிடாதவராம். எழும்பி நின்று கையை வீசி வீசிப் பேசினார். அனோஜினி என் காதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள்: "கிற்றாரை வித்துப்போட்டு மெசின் வாங்கின மனுசன் எண்டு சொல்லுறா மாமா. அதுக்குப் பிறகு அந்தாளின்ர பாட்டைக் கேக்கேல்லையாம்." எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. உனக்கு ஒரு சிவப்புச் சால்வையைப் போர்த்திப் பிரெஞ்சு பழக்கிவிட்டது போலவே இருந்தார்.

முன்வரிசையில் ஒரு தாடிக்காரப் பல் வைத்தியர் என் கட்சி. எண்பதுகளில் இந்த மாகாணத்தில் உருப்படியாக வந்தது இது ஒன்றுதான், மெசினுக்குள்ளும் அழுகை இருக்கிறது என்றார். நான் கை தட்டினேன். லிஸ் என்னைத் திரும்பிப் பார்த்து முறைத்தார். எவ்வளவு சந்தோசம் தெரியுமா! ஏழு மாதத்துக்குப் பிறகு என்னை ஒருவர் அப்படி முறைக்கிறார்.

பிறகு லூக் தட்டைப் போட்டார். முதல் பாட்டிலேயே எனக்கு ஏதோ பிழையாகப் பட்டது. முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு வந்ததும் என்னால் இருக்க முடியவில்லை. அந்த நீளப் பாட்டுத்தான், நான் உனக்கு எப்போதும் பாடிக் காட்டுவது. வால்கூரின் குரல் பொடியன் குரல் போலக் கீச்சென்று இருக்கிறது. றம் ஓட்டமாய் ஓடுகிறது. நான் எழும்பி, "கூட ஓடுது, குறையுங்கோ, குறையுங்கோ!" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். அனோஜினி என் ஜாக்கெற்றைப் பிடித்து இழுத்து, "மாமா, இருங்கோ, சனம் பாக்குது" என்றாள். லூக் வந்து பார்த்துவிட்டு, வேகம் சரியாகத்தான் இருக்கிறது என்றார். எல்லோரும் சிரித்தார்கள். "மிஸ்யூ ஐயாவுக்கு மெசின் கூடக் களைச்சுப் போய்த்தான் அடிக்க வேணும்போல" என்று லிஸ் நக்கல் அடித்தாராம்.

எனக்கு ரோசம் வந்துவிட்டது. பத்து நிமிசம் பொறுக்கச் சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தேன். இரண்டு தெருதானே. கஸ்தோனின் ரேப் றெக்கோடரைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன். டவுன்டவுன் ரெஸ்ரோறன்றில் நான் கோப்பை கழுவிய காலத்தில், கழுவுகிற மெசினுக்கு மேலே தட்டில் இருந்த அதே பெட்டி. ரெஸ்ரோறன்றைப் பூட்டியபோது சமையல்காரன் கஸ்தோன் கசற்றோடு சேர்த்து என் கையில் தந்துவிட்டுப் போனான். நான் வால்கூரைக் கேட்டதெல்லாம் அந்த ஒரு பெட்டியில்தான், அன்றும் சரி, இன்றும் சரி.

அதே பாட்டை அதில் போட்டேன். சிவநேசம், அந்தக் கடையில் ஒரு கதிரை அசையவில்லை. றம் மெதுவாக, பனிக்குள் சப்பாத்துப் புதையப் புதைய ஒருவன் நடந்து வருவது போல வந்தது. குரல் இறங்கி, வேலை முடிந்து வருகிற மனுசனின் குரலாக இருந்தது. முடிந்ததும் லூக் பெட்டியைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே ஓடுகிற றப்பர்ப் பட்டி எண்ணெயிலும் ஆவியிலும் ஊறி இழுபட்டுக் கிடக்கிறது. அதனால் கசற் மெதுவாக ஓடுகிறது. ஏழு நிமிசப் பாட்டு இதில் எட்டு நிமிசம்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கூத்து. என் கட்சிப் பல் வைத்தியருக்குக் கோபம் வந்துவிட்டது. இது வால்கூர் இல்லை, பழுதான மெசின், இதைப் பாட்டென்று சொல்வது அவருக்கு அவமரியாதை என்று சத்தம் போட்டார். லிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இப்படி வந்திருந்தால் நான் அன்றைக்கே மன்னித்திருப்பேன் என்றார். திட்டியவர் புகழ்கிறார், புகழ்ந்தவர் திட்டுகிறார்! கடை பூட்டுகிற நேரம் வரைக்கும் வாக்குவாதம் ஓயவில்லை. கடைசியில் வாசலில் நின்றும் கத்தினோம்.

வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் எனக்கு விளங்கியது. நடுத்தெருவில் நின்றுவிட்டேன். அனோஜினி என்னவோ ஏதோவென்று பயந்துவிட்டாள்.

நான் பாடிக் காட்டியதைக் கேட்டுத்தானே நீயும் அந்தக் கசற்றை வாங்கினாய்? ஒபிஸ்களைத் துப்புரவு செய்யும்போது வாக்மனில் கேட்டாய். வந்து, "நீ பாடினது வேற, இதில கிடக்கிறது வேற. உனக்குப் பாடத் தெரியாது, அவனுக்கு அடிக்கத் தெரியாது" என்றாய். உன் வாக்மன் புதுசு, சரியான வேகத்தில் ஓடியது. என் பெட்டி எண்ணெயில் ஊறிப்போய் ஓடியது. முப்பத்தெட்டு வருடமாக நாங்கள் இரண்டு வேறு பாட்டுகளை வைத்துக்கொண்டு அடிபட்டிருக்கிறோம்! அந்த வாக்மனை ஒரு நாளாவது என் காதில் மாட்ட விட்டாயா? "சோப்புத் தண்ணிக் கையோட தொடாதை" என்று ஒளித்து வைத்தாய். ஒரே அறையில் இருந்தும், உனக்கு ஒரு வால்கூர், எனக்கு ஒரு வால்கூர்.

இப்போது ஒன்று சொல்ல வேண்டும். சரியான வேகத்தில் கேட்டேன் அல்லவா? நீ சொன்னது சரி. அது தையல் மெசின்தான். இந்த இரண்டு வரியை எழுத எனக்கு அரை மணித்தியாலம் சென்றது. எழுத்துத் தெரியாததால் இல்லை.

ஆனால் தோல்வியை முழுதாக ஒப்புக்கொள்ள மாட்டேன். நான் கேட்டதை நீயும் கேட்க வேண்டும். இந்தக் கடிதத்தோடு ரேப் றெக்கோடரையும் கசற்றையும் பார்சலில் அனுப்புகிறேன். அனோஜினி குளிர் ஜாக்கெற் ஒன்றைச் சுற்றிக் கட்டியிருக்கிறாள். லண்டன் பிளக் வேறு என்பதால் பற்றரியில் போடு, ஆறு பற்றரி தனியாக வைத்திருக்கிறேன். ஒன்று கவனம்: யாரும் திருத்தித் தருகிறேன் என்று வந்தால் விடாதே. லூக் புதுப் பட்டி போட்டுத் தருகிறேன் என்று கேட்டபோது பெட்டியைப் பறித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கேட்டுவிட்டு எனக்கு எழுது. ஜூன் கடைசிச் சனிக்கிழமை மறுபடி கூடுகிறோம். லண்டனில் இருக்கிற உங்கள் சிநேகிதர் என்ன சொல்கிறார் என்று லிஸ் கேட்டார். அவர் வாய் ஓயாத ஆள், கட்டாயம் சொல்லுவார் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். நீ எழுதுவதை நான் எழும்பி நின்று தமிழில் வாசிப்பேன், அனோஜினி பிரெஞ்சில் சொல்லுவாள். புகழ வேண்டாம். திட்டு. என்னைத் திட்டு, வால்கூரைத் திட்டு, பெட்டியைத் திட்டு. ஒரு பக்கம் திட்ட முடியாவிட்டால் ஒரு வரி திட்டு. குரல் போனால் போகட்டும், உன் வாய்க்கொழுப்பு தொண்டையில் இருந்தது என்று எந்த வைத்தியர் சொன்னாலும் நான் நம்ப மாட்டேன்.

தனுஷாவைக் கொண்டு போனில் அடித்து அனுப்பாதே. அதை நான் ஏற்க மாட்டேன். உன் கையால்தான் எழுத வேண்டும். காரணம் சொல்கிறேன். நாங்கள் இருவரும் இங்கே ஒரு வீட்டின் நிலவறை அறையில் ஒன்றாக இருந்த காலத்தில் என் வீட்டுக்குப் போன கடிதம் எல்லாம் நீ எழுதியது. நான் கட்டிலில் இருந்து சொல்லச் சொல்ல, சமையல் மேசையில் குனிந்து நீ எழுதுவாய். வந்த கடிதங்களையும் நீதான் வாசிப்பாய். அம்மா மோசம் போன செய்தி வந்த அன்று மூன்றாவது வரியில் நிறுத்திவிட்டு எழும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டு வந்து என் கையில் தந்தாய். நான் குடித்து முடித்த பிறகுதான் மிச்சத்தை வாசித்தாய். அந்த மனுசன் கொப்பியைக் கட்டிலுக்குக் கீழே தள்ளலாமா? எடு, சிவநேசம். குனிய முடியாவிட்டால் தனுஷாவைக் கூப்பிட்டு எடுப்பி.

கடவுள் உனக்கு நல்ல பசியையும் நல்ல கோபத்தையும் குறைவில்லாமல் தரட்டும்.

உன் கையெழுத்து எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். எட்டு வருடம் பக்கத்தில் இருந்து பார்த்தவன். ஆனால் அதில் ஒரு சொல்லைக்கூட நான் வாசித்ததில்லை. இப்போது எனக்கு வாசிக்கத் தெரியும்.

இப்படிக்கு,
மூக்குக்கண்ணாடியைத் துடைத்து வைத்துக்கொண்டிருக்கும்
நகுலேஸ்வரன்